ரோஜாத் தொட்டியில் ஒரு ஸ்பூன்

ஸ்டெஃபி அக்கா,

உன் ரத்த ரிப்போர்ட்டை வாங்க சேலம் போகிறேன். குழம்பில் கறியைக் கரையும்வரை வேகவைத்திருக்கிறேன். ருசி போய்விட்டது, கிருமியும் போயிருக்கும்.

"வாயில்லா சீவன எங்கடா கொண்டுபோயி உட்டே?" என்று நேற்று கத்தினாயே, நம் பூனை வெள்ளக்கடை ஊரில் சித்தி வீட்டில் சௌக்கியம். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று பயந்துதான் போன வாரம் கடத்தினேன். ஆனால் பூனையைக் கொஞ்சுவதைவிட அது பேண்டு மூடிய மண்தான் மோசமாம். அரைவேக்காட்டுக் கறியில் இருக்கும் அதே கிருமி அதில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம். நம் பூனைக்குக் கக்கூஸ், ரோஜாத் தொட்டி.

இன்று காலை அந்தத் தொட்டியில் புதுக் குழி. பக்கத்தில் ஸ்பூன். பூனை ஸ்பூன் பிடிக்காது.

"மசக்கையில மண்ணுமேல ஆச வரும், உடு சாமி" என்று அம்மா சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொட்டி மண்ணைச் செடியோடு குழி வெட்டிப் புதைத்துவிட்டேன். திரும்பி வந்ததும் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

ஆல்வின்

பி.கு.: இந்தக் கிருமி புகுந்தால் கழுத்தில் நெறி கட்டுமாம். உனக்குக் கட்டியிருப்பதைத் துப்பட்டா போட்டு மூடாதே. டாக்டர் கேட்டபோது இல்லை என்று தலையாட்டினாய். சாயங்காலம் அவரிடம் நெறியையும் மண்ணையும் நீயே சொல். இல்லாவிட்டால் நான் சொல்வேன், ஸ்பூனோடு.