பென் டிரைவுக்கு நான் வைத்த பெயர்

ஜூன் 3, செவ்வாய்
அகராதியின் பிழைதிருத்தம் முடிந்தது. திங்களன்று பதிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். எட்டு மாத உழைப்பு முழுவதும், போன பிப்ரவரியில் போய்ச் சேர்ந்த என் கணவர் செய்து வைத்த பென் டிரைவில் இருக்கிறது. எந்தக் கணினியில் செருகிப் போட்டாலும் அது இதிலிருந்தே தொடங்கி, அவர் அமைத்த திரைதான் வரும். அதற்கு அவர் இட்டிருக்கும் பெயரை இன்றுதான் கவனித்தேன். ஆங்கில எழுத்தில் ‘சிடுமூஞ்சி’. அறைக்குள் மட்டும் என்னைக் கூப்பிட்ட பெயர்! கான்வென்ட்டில் படித்தவளுக்கு இப்படி ஒரு பட்டம். பதிப்பகத்தில் நாலு பேர் பார்க்க மாட்டார்களா? ‘பணி’ என்று மாற்றிவிட்டேன்.

ஜூன் 4, புதன்
திறக்கவில்லை. கறுப்புத் திரையில் ஒரே வரி: ‘ரூட் டிவைஸ்’ என்று எதுவோ கிடைக்கவில்லை, சிடுமூஞ்சிக்காகக் காத்திருக்கிறேன் என்று. பெயரைத் திரும்ப மாற்றலாம் என்றால், மாற்றுகிற இடத்துக்கே போக முடியவில்லை.

ஜூன் 5, வியாழன்
மாப்பிள்ளைக்குத் திரையைப் படமெடுத்து அனுப்பினேன், அந்தப் பெயரை விரலால் மறைத்து.
“அத்தை, உங்க கட்டைவிரல்தான் தெரியுது. அந்த வரிதான் எனக்கு வேணும்.”
கை நடுங்கிவிட்டது என்றேன். பொய். என் கை நடுங்காது.

ஜூன் 6, வெள்ளி
கணினிக் கடை. “எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம்மா, பத்து நிமிஷ வேலை” என்றார் கடைக்காரர். பிடுங்கிக்கொண்டு கிளம்பினேன். வாசல் வரை வந்து, “யாரும்மா அது சிடுமூஞ்சி?” என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

ஜூன் 8, ஞாயிறு
மனுஷன் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா? இதை மாத்தினா இப்படி ஆகும்னு — ஒரே ஒரு வார்த்தை?

ஜூன் 9, திங்கள்
பதிப்பாளர் கூப்பிட்டார். “வயசான காலத்துல எதுக்கும்மா சிரமம், வேற ஆளைப் பாத்துக்கறேன்.” ஒரு நாள் அவகாசம் கேட்டேன். முப்பது வருடத்தில் நான் கேட்டதே இல்லை.

ஜூன் 10, செவ்வாய்
மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். பட்டப்பெயரையும் சேர்த்து. அந்தப் பக்கம் க்ளுக்கென்று ஒரு சத்தம்.
“சிரிக்கிறீங்களா?”
“இல்லத்தை, இருமல்.”
உள்ளே எழுதியிருக்கும் பழைய பெயரைத்தான் கணினி இன்னும் தேடுகிறதாம். தொடங்கியதும் ஒரு பட்டியல் வருமாம். அப்போது ‘e’ விசையை அழுத்தி, பழைய பெயரை அழித்துப் புதியதைத் தட்ட வேண்டும். பத்து எழுத்து. ஒவ்வொன்றாக அழித்தேன். நாலு எழுத்து மிச்சம் இருக்கும்போது விரல் நின்றுவிட்டது. “அத்தை, லைன்ல இருக்கீங்களா?”
திறந்தது. மாலைக்குள் அனுப்பிவிட்டேன். பதிப்பாளர் நன்றி சொன்னார். அடுத்த புத்தகம் வேறொருவருக்குப் போய்விட்டதாம்.
“இப்ப செஞ்சது இந்த ஒரு தடவைக்குத்தான் அத்தை. ஒண்ணு, உள்ள இருக்கற வரியையே புதுப் பேருக்கு மாத்தணும். இல்ல, பழைய பேரையே வச்சிடணும். எது?”

ஜூன் 11, புதன்
நேற்றிரவே மாற்றிவிட்டேன். காலையில் செருகினேன். திரையில் சோதனை வரி ஒன்று ஓடியது: சிடுமூஞ்சி, பழுதில்லை. திறந்தது.
செய்ய வேலை ஒன்றும் இல்லை. அணைத்துவிட்டு மறுபடியும் போட்டேன்.