பாகாலாவில் கேட்காத சத்தம்

டேய்,

போன ஞாயிறு ஆராதனையில் உன் கீர்த்தனைப் புத்தகத்தை முதன்முதலாகத் திறந்தேன். உன் முதல் வருஷ நினைவு ஜெபம் முடிந்ததும் உன் அம்மா, என் ஆன்ட்டிதான் அதை என்னிடம் கொடுத்தார்கள். "பாடகர் குழுவுல அவன் எடத்துல நீதான உக்காந்துக்கினு இருக்கற, நீயே வச்சிக்கோ தம்பி" என்றார்கள். முதல் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தோம். புத்தகத்தை நன்றாக விரித்துப் பிடித்தேன். அட்டையின் முதுகுக்கும் தையலுக்கும் நடுவிலிருந்த இடுக்கிலிருந்து ஏதோ நழுவி என் வெறுங்காலில் விழுந்தது. சின்ன மாத்திரை ஒன்று. குனிந்து எடுப்பதற்குள் இன்னொன்று. பாட்டு முடிவதற்குள் என் கைக்குள் பதினாறு சேர்ந்துவிட்டன. பழுப்பேறி, ஓரம் உதிர்ந்து, காகித வாசனை அடித்தன.

ரெண்டு நாள்தான் என்று சொன்னாயேடா, பாவி.

மாத்திரைகளைக் கைக்குள் இறுக்கிக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்துவிட்டு, உன் நினைவில் அழுகிறேன் என்று நினைத்துத் தோளைத் தட்டினார். எனக்கு வந்தது அழுகையில்லை, கோபம்.

பதினாலு வயதில் வேலூரில் உன் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்தார்கள். அதில் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசு முழுக்க தினம் ஒரு மாத்திரை. அன்றிலிருந்து உனக்குள் ஒரு சத்தம் குடிவந்தது. கைக்கடிகாரத்தைக் காதில் வைத்தது மாதிரி, டிக், டிக். மௌன ஜெபத்தில் மூன்று வரிசைக்குக் கேட்கும். சண்டே ஸ்கூல் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "இவன் பக்கத்துல உக்காந்தா ஆயரு எவ்ளோ நேரம் பிரசங்கம் பண்றாருன்னு கணக்கு போட்டுக்கலாம்" என்று நான் கிண்டல் செய்வேன். நீயும் சிரிப்பாய். ஒருமுறை, "அது நின்னுபோச்சுன்னா?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். "நின்னா எனக்குத்தாண்டா மொதல்ல தெரியும்" என்றாய். அந்த வார்த்தையை நான் அப்படியே நம்பினேன். நம்பியதுதான் தப்பு.

பேஸ் கிடார் வாசித்தாய். சபையில் பாட்டுக்கு அடியில் தெரியாமல் ஓடும் வாசிப்பு. வீட்டிலோ காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நம்ம ஆளுங்க. அந்த ஐந்து பேரின் ராக் பேண்டுக்கு நாம் வைத்த பெயர் அதுதானே, நம்ம ஆளுங்க. அவர்கள் பெங்களூருக்கு வந்தபோதும் சென்னைக்கு வந்தபோதும் உன்னை வீட்டில் விடவில்லை. திருப்பதியில் ஒரு கல்லூரி மைதானத்துக்கு வருகிறார்கள் என்று தெரிந்த அன்று, சித்தூர் பஸ் ஸ்டாண்ட் என்றும் பார்க்காமல் என்னைக் கட்டிப்பிடித்துக் கத்தினாய். டீக்கடைக்காரர், "ஏமி ரா, உத்யோகம் வச்சிந்தா?" என்றார். வேலை கிடைத்திருந்தால்கூட நீ அப்படிக் கத்தியிருக்க மாட்டாய்.

அது லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள். "உபவாச நாளுல ஆட்டம் பாட்டத்துக்குப் போறதா? எனக்கு மனசே சரியில்ல" என்று ஆன்ட்டி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஸ்ரீசிட்டி கம்பெனிக்கு வேலைக்குப் போய்வர வசதியாகத் திருப்பதியில்தான் அறை எடுத்திருந்தேன். "நைட்டு உன் ரூம்ல தங்கிட்டு காலையில ரெயிலுக்கு வந்துடணும். எட்டு மணிக்கு மாத்திரை. நீதான் பாத்துக்கணும்" என்றார்கள். தலையாட்டினேன். ஆட்டும்போதே எனக்குத் தெரியும், நீ மாத்திரையை நிறுத்திவிட்டாய் என்று.

முந்தின நாள்தான் போனில் சொல்லியிருந்தாய். "மாத்திரை துன்னுக்கினு கூட்டத்துல முன்னாடி போய் நின்னா, ஒருத்தன் முழங்கை பட்டாக்கூட உள்ளேயே ரத்தம் கட்டிக்கும். ரெண்டு நாளு நிறுத்தினா ஒண்ணும் ஆவாது." நான் திட்டினேன். எவ்வளவு நேரம்? அரை நிமிஷம். பிறகு, "முன்னாடின்னா, தடுப்புக் கம்பி கிட்டயா?" என்று கேட்டேன். எனக்கும் அந்த இடம் வேண்டியிருந்தது. உண்மையைச் சொல்ல எனக்கென்ன வெட்கம் இனிமேல்.

உங்கள் வீட்டுக் குடும்ப ஜெபம் எனக்குத் தெரியும். ஆமென் சொன்ன பிறகும் ஆன்ட்டி கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்க மாட்டார்கள். பிறகுதான் மாத்திரையை எடுத்து உன் உள்ளங்கையில் வைப்பார்கள். பதினாறு நாள் நீ அந்தக் கையாலேயே கீர்த்தனைப் புத்தகத்தை மூடியிருக்கிறாய்.

மைதானத்தில் நாம் நினைத்த இடமே கிடைத்தது. வலது பக்கத்து ஸ்பீக்கர் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. டிரம்ஸில் முதல் தட்டு விழுந்ததும் என் சட்டை நடுங்கியது. எத்தனை வருஷம் போனில் பார்த்த முகங்கள், வேர்த்து வழிந்துகொண்டு பத்தடி தூரத்தில்! நான் குதித்தேன், உளறினேன், முன்பின் தெரியாத தெலுங்குப் பையன்களைக் கட்டிக்கொண்டேன். நீ குதிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாய். உன் உதடு வெளுத்திருந்தது. மேடை விளக்கு நீலம், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேஸ் மட்டும் தனியாக வரும் அந்த நீளமான வாசிப்பில் என் கையைப் பிடித்து இழுத்து உன் நெஞ்சில் வைத்தாய். உள்ளே எல்லாம் அவர்களுடைய அதிர்வுதான்.

என் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாய்: "கேக்கலடா! எனக்கு அது கேக்கல! பதினாலு வயசிலேருந்து இன்னிக்குத்தாண்டா சும்மா இருக்குது!"

உன் கண்ணில் தண்ணீர். அப்போதுதான் புரிந்தது, இத்தனை வருஷம் நீ எதற்காக ஹெட்போனை மாட்டிக்கொண்டு படுத்தாய் என்று. நாங்கள் கிண்டல் செய்த அந்தச் சத்தத்தோடு நீ தனியாகக் குடித்தனம் செய்திருக்கிறாய். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலும் ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. ஏன் என்று நின்று யோசிக்க மனமில்லை. அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது.

காலையில் திருப்பதி ஸ்டேஷன் படிக்கட்டில் மூன்று தடவை நின்றாய். "வயசாயிடுச்சுடா" என்றாய். முப்பதுகூட ஆகவில்லை உனக்கு. சித்தூர் ரெயில் பாகாலா ஜங்ஷனில் வழக்கம்போல் வெகுநேரம் நின்றது. பெட்டியில் நாம் இருவரும் எதிரே தூங்கும் ஒரு பெரியவரும்தான். மின்விசிறிகூட நின்றுவிட்டது. எத்தனை முறை அந்த ரெயிலில், அதே ஸ்டேஷனில், அதே அமைதியில், உன் டிக் டிக்கைக் கேட்டு நான் கிண்டல் செய்திருக்கிறேன். அன்றும் காது தானாகத் தேடியது. இல்லை. உன் தோளில் சாய்கிற மாதிரி சாய்ந்து பார்த்தேன். இல்லை.

"உனக்கு இப்போ கேக்குதா?" என்றேன்.

"இல்லடா. காது கொய்ங்குனு இருக்குது. இன்னா ஸ்பீக்கர்டா அது!"

"எனக்கும் அடைச்சிக்கினுதான் இருக்குது" என்றேன்.

இருவரும் சிரித்தோம். எதிரே பெரியவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குறட்டை எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதை நான் அன்று ஏன் கணக்கில் எடுக்கவில்லை?

அன்று, சனிக்கிழமை, வீடு சேர்ந்தாய். திங்கள் காலை பல் துலக்கப் போன இடத்தில் விழுந்தாய். வேலூர் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. வால்வில் ரத்தம் உறைந்து அதை அடைத்துவிட்டது என்றார் டாக்டர். பிறகு என்னைத் தனியாக அழைத்து, மெதுவாகத்தான் கேட்டார்: "சத்தம் நின்னதை வீட்ல யாருமே கவனிக்கலையா?" பாகாலாவில் நான் கவனித்ததை அவரிடம் சொல்லவில்லை. வருஷம் முழுக்கச் சொல்லவில்லை.

போன ஞாயிறு மதியம் மாத்திரைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். உட்கார்ந்ததும் தைரியம் போய்விட்டது. புத்தகத்தைப் பற்றி ஏதோ உளறினேன். ஆன்ட்டி கேட்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு அவர்களாகவே பேசினார்கள்.

"ஒண்ணு சொல்லணும் தம்பி. யாருகிட்டயும் சொல்லல. தெனம் ஆமென் சொன்னப்புறம் நான் ஜெபம் பண்ணிக்கினு இருக்கமாட்டேன். அவன் சத்தத்ததான் கேட்டுக்கினு இருப்பேன். கேட்டப்புறம்தான் மாத்திரை குடுப்பேன். அந்த சனிக்கெழம கேக்கல. ஞாயித்துக்கெழமையும் கேக்கல. எனக்குத்தான் காது மந்தமாயிடுச்சுன்னு எண்ண காய்ச்சி ஊத்திக்கினு படுத்துட்டேன். அவன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

அந்த அம்மா ஒரு வருஷமாக இதைத் தூக்கிச் சுமந்திருக்கிறார்கள்டா. நான் என்னவோ எனக்கு மட்டும்தான் பாரம் என்று திரிந்திருக்கிறேன்.

"ஆன்ட்டி, உங்க காதுல ஒண்ணுமில்ல" என்றேன். பையிலிருந்ததை அவர்கள் உள்ளங்கையில் கொட்டினேன். ரெண்டு நாள் என்று நீ சொன்னதையும், தெரிந்துகொண்டே நான் தலையாட்டியதையும், மைதானத்தில் என் கையை உன் நெஞ்சில் வைத்ததையும், பாகாலாவையும் சொன்னேன். இடையில் நிறுத்தினால் மறுபடி வராது என்று மூச்சு விடாமல் சொன்னேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாத்திரைகளை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்தார்கள். "நெஞ்சில கைய வச்சிப் பாத்தியே, அப்போ சந்தோஷமா இருந்தானா?" என்றார்கள். "ரொம்ப" என்றேன். "சாயங்காலம் ஜெபத்துக்கு வா" என்று மட்டும் சொல்லி உள்ளே போனார்கள்.

போனேன். ஆமென் சொன்ன பிறகு அவர்கள் கண்ணைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. தெருவில் ஒரு ஆட்டோ போனது. பக்கத்து வீட்டில் குழாய் சொட்டியது. சமையலறையில் குக்கரின் மூச்சு, என் மூச்சு, அவர்கள் மூச்சு, எல்லாம் தனித்தனியாகக் கேட்டது.

எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறதுடா. அன்றைக்கும் கேட்டிருக்கிறது.