ஒரு கோட்டும் இரண்டு மாப்பிள்ளைகளும்

அண்ணை,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். ஏழு வருடம். இனியும் மூடிக்கொண்டிருந்தால் அதை மரியாதை என்று நினைத்துக்கொள்வீர்கள். நினைப்பதற்கு நீங்கள் இப்போது இல்லை என்பது வேறு விஷயம். அது இன்னும் எனக்குப் பழகவில்லை.

நேற்றுப் பிற்பகல் உங்கள் மனைவி ஸ்காபரோவிலிருந்து பஸ்ஸும் சப்வேயும் ஏறி, சென் ஜேம்ஸ் ரவுணில் இருக்கும் என் அறைக்கு வந்தார். கையில் பெரிய கடதாசிப் பை. உள்ளே என் கோட் இருந்தது. சாம்பல் நிறக் கம்பளிக் கோட், இடது பக்கம் ஒரு பொத்தான் மட்டும் நிறம் வேறு. "இது உங்களுடையது என்று அவர் எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பார்" என்றார் ஆங்கிலத்தில். பிறகு, நீங்கள் சொல்லிக்கொடுத்த அந்த ஒரு சொல்லையும் மறக்காமல் கடைசியில் சேர்த்தார்: "தம்பி."

அவரைவிட எனக்கு ஆறு வயது கூட. இருந்தாலும் நான் தம்பி.

அவர் போனபின் கோட்டை முகத்தருகே கொண்டுபோனேன். பூச்சி உருண்டை மணக்கும் என்று எதிர்பார்த்தேன். கராம்பு மணத்தது. கராம்பும் ஏதோ ஓர் இலையும் சேர்ந்த, தொண்டையில் ஏறும் வாசம். பே ரம். சவரம் செய்தபின் நீங்கள் கன்னத்தில் அறைந்து அறைந்து பூசுகிற அதே தண்ணீர். ஜன்னலோரக் கதிரையில் வெகுநேரம் இருந்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே நவம்பர் மாதத்து மொட்டை மரங்கள். அன்றைக்கு நாம் புறப்பட்டபோதும் இப்படித்தான் நின்றன.

அவர் இரண்டு விஷயம் கேட்டார். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வரவேண்டும். அடுத்து, யாழ்ப்பாணத்தில் உங்கள் தங்கச்சி நினைவு மலர் அச்சடிக்கிறாராம், அதற்கு நான் தமிழில் ஏதாவது எழுதித் தரவேண்டும். "ஆரம்பத்திலிருந்தே கூட இருந்தவர் நீங்கள்தானே" என்றார். ஆரம்பத்திலிருந்தே. அந்தச் சொல்லை அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று இரவு முழுக்க யோசித்தேன்.

எழுத உட்கார்ந்தேன். பண்பாளர், பரோபகாரி, நண்பர்களுக்கு நிழல் தந்தவர் என்று வழக்கமான வரிகள் வந்தன. மூன்றாவது வரியில் கிழித்துப் போட்டேன். உங்களிடம் எனக்குக் கேட்க இருப்பது ஒன்றுதான். எழுபத்திரண்டாம் ஆண்டு நவம்பரில் என்னை எதற்காக அந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள்? மாப்பிள்ளையாகவா, மாப்பிள்ளையின் தம்பியாகவா?

நீங்கள் எனக்கு வேலை எடுத்துத் தந்தவர். கொழும்பில் கணிதம் படிப்பித்த பட்டதாரியை இந்த ஊரில் ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்காத காலத்தில், காப்புறுதிக் கந்தோரில் உங்கள் மேசைக்குப் பக்கத்து மேசையைப் பிடித்துத் தந்தீர்கள். நான் மறுக்கவில்லை. நாலு பேர் கூடுகிற இடமெல்லாம் அதைச் சொன்னவரும் நீங்கள்தான். சனிக்கிழமைகளில் உங்கள் அறையில் முன்னூற்றுநாலு சீட்டு விளையாடுவோம். துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எதிரில் இருக்கும் கூட்டாளியான எனக்கே அது என்னவென்று தெரியாதபடி கடைசிவரை முகத்தை இறுக்கிக்கொண்டிருப்பீர்கள். தோற்றால் பிழை என்னுடையது.

அப்படி ஒரு சனிக்கிழமைதான், மற்றவர்கள் போனபிறகு, கோப்பைகளைக் கழுவிக்கொண்டே தொடங்கினீர்கள்.

"ஐசே, உமக்கும் வயசு ஏறுது."

"உங்களுக்கு இறங்குதோ?"

"பகிடியை விடும். ஒரு நல்ல இடம் இருக்கு. போர்ட் ஒஃப் ஸ்பெயின்."

"அது எங்கை கிடக்கு?"

"ட்ரினிடாட்டிலை. எங்கடை கந்தோரிலை இருக்கிற ட்ரினிடாட்காரன்ரை சித்தப்பாவின்ரை மகள். ரீச்சர். ஆதியிலை தமிழ் ஆக்கள்தான். லீவு கிடக்குத்தானே, ஒருக்கால் வந்து பாருமன்."

பாருமன் என்றுதான் சொன்னீர்கள். என் வயதைச் சொல்லித்தான் தொடங்கினீர்கள். உங்களுக்கு நாற்பத்தொன்று நடந்துகொண்டிருந்தது. இனி எனக்கென்ன கலியாணம் என்று நீங்களே பலமுறை சலித்திருக்கிறீர்கள். நான் வேறு எப்படி விளங்கிக்கொள்வது? ஆனால் "உமக்கு" என்ற சொல்லை நீங்கள் அந்த இடத்தோடு சேர்த்துச் சொல்லவில்லை என்பது, யோசித்துப் பார்த்தால், அதுவும் உண்மைதான்.

மால்டன் விமான நிலையத்துக்குப் புறப்பட்ட காலை உறைபனிக் குளிர். "ரெண்டு கோட் எதுக்கு? அங்கை வெய்யில் கொளுத்தும். சும்மா காவிக்கொண்டு திரியிறதே? ஒண்டு காணும்" என்றீர்கள். அந்த ஒன்று என்னுடையது. டாக்சிக்குக் காத்து நின்ற நேரம் ஆளுக்குக் கொஞ்ச நேரமாக மாறி மாறிப் போட்டுக்கொண்டோம்.

அங்கே இறங்கியதும் வெக்கை முகத்தில் அப்பியது. மழைக்காலத்தின் கடைசி. வெயில் எரித்துக்கொண்டிருக்கும்போதே மலைப்பக்கமிருந்து மழை வந்து தகரக் கூரைகளில் கொட்டிவிட்டுப் போகும். ஐந்து நிமிடத்தில் தெருவெல்லாம் ஆவி பறக்கும். நகரத்தின் நடுவே பெரிய புல்வெளி, அதைச் சுற்றி இளநீர் வண்டிகள். தெருமுனையில் இரண்டு மஞ்சள் ரொட்டிகளுக்கு நடுவே கடலைக் கறி வைத்துத் தந்தார்கள். நீங்கள் வாய் எரிய எரிய மூன்று தின்றீர்கள். பொழுதுபட்டால் நத்தார்ப் பாட்டுக்காரர்கள் கிற்றாரோடு ஸ்பானிய மொழியில் ஒத்திகை பார்க்கும் சத்தம். டிசம்பரே பிறக்கவில்லை. சேர்ட்டு முதுகில் ஒட்டிக்கொண்டிருக்க, நத்தார்ப் பாட்டு. எனக்கு அந்த ஊரில் எதுவுமே சரியான மாதத்தில் நடக்கவில்லை என்று தோன்றியது.

பெண் பார்க்கப் போன காலையில் நீங்கள் விடுதிக்குப் பக்கத்துக் கடையில் ஒரு போத்தல் பே ரம் வாங்கி வந்து கண்ணாடி முன்னால் நின்றீர்கள்.

"என்ன அண்ணை, மாப்பிள்ளை மாதிரி மணக்கிறியள்?"

"ஏன், உமக்கும் ரெண்டு சொட்டு விடட்டே?"

பதிலுக்குக் காத்திராமல் என் கன்னத்திலும் பூசிவிட்டீர்கள். எரிந்தது. அந்த எரிவை வைத்து எத்தனையோ முறை கணக்குப் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளைக்குப் பூசிவிட்டீர்களா, அல்லது கேட்டவன் வாயை அடைக்கப் பூசினீர்களா? கணிதம் படித்தவனுக்கு விடை வரவில்லை.

உங்கள் மாமனாரை அன்றுதான் முதலில் பார்த்தோம். ரயிலை நிறுத்திவிட்ட ஊரில் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். ஒரு தமிழ்ச் சொல் தெரியாது. நாலு தலைமுறைக்கு முன் மதராசிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். பேச்சு, சாப்பாடு, உடுப்பு எல்லாம் அந்த ஊருக்கு மாறிவிட்டது. கூடத்தில் எங்கள் இருவரையும் ஒரே சோபாவில் இருத்தினார். உங்கள் மீனா சிவப்பு நிறத்தில் புளிச்சம்பூப் பானம் இரண்டு கிளாசில் கொண்டுவந்தார். முதல் கிளாசை எனக்குத் தந்தார். "நீங்கள்தானே கணித ஆசிரியர்? உங்களைப்பற்றிக் கடிதத்தில் இருந்தது" என்றார். பிறகுதான் உங்களுக்கு.

என்னைப்பற்றி என்ன எழுதியிருந்தீர்கள்?

பிறகு மாமனார் தொண்டையைச் செருமினார். எங்கள் வீட்டில் பழைய வழக்கம் ஒன்று மிச்சமிருக்கிறது, அது ஏன் என்று எங்களுக்கே தெரியாது என்றார். பெண் கேட்டு வருகிறவன் வாய் திறக்கக்கூடாது. அவனுடைய சொந்தக்காரர் ஒருவர் அவனுக்காகக் கேட்கவேண்டும். "யார் கேட்கப் போகிறீர்கள்?"

நான் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருந்தேன். மாப்பிள்ளை அப்படித்தான் இருக்கவேண்டும், மூத்தவர் நீங்கள் கேட்பீர்கள் என்று. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நீங்களும் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருக்கிறீர்கள்.

ஒரு சோபாவில் இரண்டு மாப்பிள்ளைகள். தகரத்தில் மழை கொட்டத் தொடங்கியது. உங்கள் மாமி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று விளங்கியது. மீனா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருக்கவேண்டும்.

கடைசியில் உங்கள் சப்பாத்து என் சப்பாத்தை இடித்தது.

"ஐசே, கதையும்."

தனக்குத்தானே கேட்கட்டும், படித்தவன், வழக்கத்தை உடைக்கட்டும் என்று நினைக்கிறீர்களாக்கும் என்று எண்ணினேன். உங்கள்மேல் ஒரு நன்றிகூட வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, என் வாழ்நாளில் பேசாத அளவுக்கு நல்ல ஆங்கிலத்தில் பேசினேன். தூரத்திலிருந்து நம்பிக்கையோடு வந்திருக்கிறோம். எங்களுக்குப் பெரிய சொத்தில்லை. உங்கள் மகளைத் தந்தால் அவர் மனம் நோக ஒரு நாளும் நடக்கமாட்டோம் என்றேன்.

மாமனார் எழுந்தார். கண் கலங்கியிருந்தது. என்னைத் தாண்டிக் குனிந்து உங்கள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலை புல்வெளியைச் சுற்றி நடந்தோம். நீங்கள் இளநீர் வாங்கித் தந்தீர்கள்.

"நல்லாய்க் கதைச்சீர் ஐசே. என்ரை கூடப்பிறந்த தம்பி எண்டாலும் உப்பிடிக் கதைச்சிருக்க மாட்டான்."

"ஓம் அண்ணை."

"என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"வெய்யில்."

வெயில் எப்போதோ சாய்ந்துவிட்டிருந்தது. நீங்கள் என்னை ஒரு கணம் பார்த்தீர்கள். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரித்தான் இருந்தது. பிறகு இளநீர்க்காரனிடம் உள்ளிருக்கும் வழுக்கையை வழித்துத் தரச் சொன்னீர்கள்.

அதுதான் என்னைத் தூங்கவிடாத கணம். முதலிலிருந்தே உங்களுக்காகத்தான் என்றால், என்னைப் பார்த்து ஏன் தயங்கினீர்கள்? எனக்காகத்தான் என்றால், கிழவர் உங்கள் கையைப் பிடித்தபோது ஏன் இழுத்துக்கொள்ளவில்லை? அவர் ஆளை மாறிப் பிடித்துவிட்டார், பிடித்த கை இதமாக இருந்ததால் நீங்கள் விட்டுவிட்டீர்கள் என்றுதான் பல வருடம் நம்பிவந்தேன். சில நாட்களில் அதற்கு நேர்மாறாகவும் நம்பினேன்.

திரும்பி வந்து இறங்கியபோது ரொறன்ரோவில் பனி கொட்டியிருந்தது. "கோட்டைத் தாரும், எனக்குச் சளி பிடிச்சால் கலியாண நேரம் கரைச்சல்" என்று வாங்கிப் போட்டீர்கள். "நாளைக்குத் தாறன்." நான் சேர்ட்டோடு டாக்சி வரிசையில் நின்றேன். தை மாதம் கலியாணம். லீவு இல்லை என்று சொல்லி நான் வரவில்லை. லீவு இருந்தது. உங்களுக்கும் அது தெரியும், பக்கத்து மேசைதானே.

அதற்குப் பிறகு ஸ்காபரோவில் வீடு, தீபாவளிக்கு விருந்து, மீனாவின் கையால் மிளகாய் எரிக்கும் கறி, "தம்பி, இன்னும் போடட்டுமா" என்ற அந்தக் குரல். ஒவ்வொரு முறையும் நன்றாகச் சாப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் கோட்டை நீங்கள் நினைவுபடுத்தவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் மற்றதையும் கேட்டுவிடுவேன் என்ற பயம்.

நேற்று மீனா எழும்பிப் போகும்போது கதவடியில் நின்று சொன்னார்: "அவர் உங்களிடம் ஏதோ சொல்லவேண்டும் என்று வைத்திருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். 'அவர் கேட்டால் சொல்லுவேன், அவர் கேட்கிறாரில்லை' என்றார். அது என்ன, உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். என் வாழ்க்கையில் இதைவிட உண்மையாக ஒன்றும் சொன்னதில்லை.

நான் கேட்கவில்லையாம். ஏழு வருடமும் நீங்கள் அந்தச் சோபாவிலேயே தலையைக் குனிந்துகொண்டு இருந்திருக்கிறீர்கள். நானும்தான். ஆனால் அண்ணை, காலால் இடிக்கத் தெரிந்தவர் நீங்கள். இன்னொரு முறை இடித்திருக்கலாமே. போன மாதம் கந்தோர் லிஃப்டுக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது, ஓடிவந்து தலையை மடியில் ஏந்தியவன் நான். அப்போதும் "ஐசே" என்றுதான் சொன்னீர்கள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. கூப்பிட்டீர்களா, சொல்லத் தொடங்கினீர்களா? அதையும் நான்தான் காவித் திரிகிறேன்.

நினைவு மலருக்கு நாலு வரி எழுதி, என் முழுப் பெயரையும் போட்டு, உங்கள் தங்கச்சிக்கு நேரே அனுப்பிவிட்டேன். பண்பாளர், பரோபகாரி எல்லாம் அதில் இருக்கிறது. இந்தக் கடிதம் உங்கள் வீட்டு முகவரிக்கு. உறையில் உங்கள் பெயர். அந்த வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்பதால் பயமில்லை என்று நேற்று மாலைவரை நினைத்திருந்தேன். ஆனால் போகுமுன் மீனா என் சுவரில் தொங்கும் தமிழ்க் கலண்டருக்கு முன்னால் நின்றார். விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக, "கா... ர்... த்... தி... கை" என்று வாசித்தார். "கொஞ்சம் சொல்லித் தந்தார். எழுத்துக் கூட்டினால் வரும், நேரமெடுக்கும்" என்றார்.

குளிர்காலம் நீளமானது. அவருக்கு இனி நேரமும் இருக்கும். எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒரு நாள் அவர் இந்தப் பக்கத்துக்கு வந்து சேரலாம். வராமலும் போகலாம். எது நடக்கவேண்டும் என்று விரும்புகிறேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன்.

கையெழுத்துப் போடுகிற இடத்தில் பேனை நின்றுவிட்டது. தம்பி என்று போட்டால் நீங்கள் சொன்னதை ஒத்துக்கொண்டதாகிவிடும். நண்பன் என்று போட இன்னும் கோபம் தீரவில்லை. நான் யாரென்று அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு உறையை ஒட்டப்போகிறேன். வெளியே தூறல் பனி. கோட்டைப் போட்டுக்கொண்டு தபால் பெட்டிவரை போகிறேன்.