கப்பைக்கிழங்கு காய்கறி இல்லை

சிஜு அப்பாவுக்கு,

கொழுந்தெடுக்கப் போறேன். நீங்க தூங்குறீங்க, எழுப்பல.

சித்திரபுரத்து டாக்டர் சோத்தை ஒரேயடியா நிறுத்தச் சொல்லல, வாராவாரம் கொறைக்கத்தான் சொன்னாரு. இந்த வாரம் உங்களுக்கு ரெண்டு அகப்பை. தட்டுல மிச்ச எடத்துக்கு பீன்ஸ் பொரியலும் மத்தி மீன் கொழம்பும் வச்சிருக்கேன்.

நேத்து சண்டையில நீங்க சொன்னதை யோசிச்சுப் பாத்தேன். மண்ணுக்குள்ள வெளையுறதால கப்பைக்கிழங்கு காய்கறி ஆயிடாது, மரவள்ளியும் சோறு மாதிரி மாவுதான். சோத்தைக் கொறைச்சுட்டு டீக்கடையில ரெண்டு பிளேட் கப்பை தின்னா சுகர் ஏறத்தான் செய்யும். கடைக்காரர்கிட்ட சொல்லிட்டேன். இனிமே உங்களுக்கு மீன் கறி மட்டுந்தான் தருவாரு.

எப்சிபா

வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துடுங்க.

நானும் இந்த வாரம் ரெண்டு அகப்பைதான் திங்கிறேன். பசி தாங்கல. நேத்து அவ்வளவு கத்துனது அதனாலயுந்தான்.