சிறுகிழங்கு போட்ட பன்றிக்கறி

டிசம்பர் 10, செவ்வாய்

கரமனைக்குக் குளிர் வந்துவிட்டது. இங்கே குளிர் என்றால் மின்விசிறியை ஐந்திலிருந்து இரண்டுக்குக் குறைப்பது, அவ்வளவுதான். என் நாக்குக்கு அது போதும், உடனே பன்றிக்கறி கேட்கும். சிறுகிழங்கு போட்டு, மிளகு தூக்கலாக. எட்டு வருஷமாக வைக்கவில்லை. ஜெபக்கூட்டத்தில் சேர்ந்த பிறகு எப்படி வைப்பது? பைபிளில், லேவியராகமத்தில் விலக்கியது என்பார்கள். வாய்தவறி மருமகளிடம் சொல்லிவிட்டேன். ஆதிரா மலையாளத்துப் பிள்ளை, சிரித்தாள். "அம்மா, ஞான் வெச்சுத் தரட்டா?" கல்யாணமாகி ஐந்து மாதம். என் மகன் பிரதீஷ் மஸ்கட்டுக்குத் திரும்பி மூன்று. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

டிசம்பர் 13, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

ஆதிரா ஆபீஸ் விட்டு வரும்போதே அரைக் கிலோ கறி வாங்கி வந்தாள், கொழுப்போடு உள்ளது, அதுதான் விலை குறைவு. சிறுகிழங்கும் இப்போது கொட்டிக் கிடக்கிறது. கிழங்கைச் சாக்கில் போட்டுத் துவைகல்லில் தேய்த்துத் தோல் எடுத்தாள். விரல் நுனியெல்லாம் கறுத்துவிட்டது. அவள் வீட்டில் பன்றி சமைத்ததே கிடையாது. மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு கறியைக் கழுவினாள். இஞ்சி, மிளகு, தேங்காய்க்கொத்து, எல்லாம் ஒரே குக்கரில். "நாப்பது மினிட்டு மதி அம்மா." போதுமாம்.

நாலாவது விசில் அடங்கும்போது வாசலில் ஜெபக்கூட்டத்துத் தங்கபாய் அக்காவும் இன்னும் மூன்று பெண்களும். அடுத்த கூட்டம் யார் வீட்டில் என்று பேச வந்தார்களாம்.

"என்ன மணம் சரோஜம்? பன்னியா?"

"நான் அதத் தொடுவனா அக்கா? அந்தப் பிள்ளைக்க பழக்கம். நம்ம கூட்டத்துல வளரல்லல்லா, என்ன செய்ய?"

இதைச் சொன்ன வாய் என்னுடையதுதான். திரும்பினால் ஆதிரா காபியோடு நிற்கிறாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அவர்கள் போனதும், "சாப்பிடுவோம் மோளே" என்றேன்.

"எனக்கு இது பழக்கமில்ல அம்மா."

குக்கரை யாரும் திறக்கவில்லை.

டிசம்பர் 14, சனி

காலை பஸ்ஸில் வித்துராவுக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு. கிறிஸ்மஸ் லீவாம். கிறிஸ்மஸுக்குப் பதினொரு நாள் கிடக்கிறது!

கறியை அப்படியே குப்பைக்குழியில் கொட்டினேன். இல்லை — இங்கேயும் பொய் எழுத வேண்டாம். முதலில் ஒரு துண்டு தின்றேன். உப்பு, மிளகு எல்லாம் கச்சிதம்.

டிசம்பர் 16

ஆண்டவரைத் தெரியாது என்று சொன்ன பேதுருவுக்காவது உயிர்ப்பயம். எனக்கு என்ன பயம்? நாலு பெண்கள்.

டிசம்பர் 20, வெள்ளி

கூட்டம் தங்கபாய் அக்கா வீட்டில். ஜெபம் முடிந்ததும் எழுந்து சொல்லிவிட்டேன். "அண்ணைக்கு அந்தக் கறிய நான்தான் கேட்டேன். எனக்குப் பிடிக்கும். அவ எனக்காவத்தான் வச்சா."

பிறகு அக்கா சிரித்தாள். "சவமே, இதுக்கா இந்தப் பாடு? எங்க வீட்டுல மாசம் ஒருக்கா வாங்குவோம். அண்ணைக்கு ஒரு வாய் தருவன்னுல்லா நின்னேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். யாருக்குப் பயந்து அந்தப் பிள்ளையை விட்டுக்கொடுத்தேன்?

டிசம்பர் 22, ஞாயிறு

வித்துரா போனேன். மன்னிப்புக் கேட்டேன். "சாரமில்ல அம்மா" என்றாள், பரவாயில்லையாம். ஆனால் என்னோடு வரவில்லை. விரல் நுனியில் கிழங்குக் கறை இன்னும் போகவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஆதிரா திரும்பி வந்து ஒரு மாதமாகிறது. மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. தினமும் பருப்பு, பயறு, முட்டைக்கோஸ்.

சாலைச் சந்தையில் சிறுகிழங்கு இனி வராது, இதுதான் கடைசி என்றார்கள். வாங்கினேன். கறியும் வாங்கினேன். கிழங்கை நானே சாக்கில் போட்டுத் தேய்த்து வைத்தேன். அவள் வந்ததும், "இன்னைக்கு ரெண்டு பேருமா வைப்போம் மோளே" என்றேன்.

மறுக்கவில்லை. இஞ்சி நறுக்கினாள், மிளகு இடித்தாள், குக்கரை மூடினாள். அடுப்பைப் பற்றவைக்கும் முன் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அம்மா, இன்னைக்கு ஆராவது வருமா?"