மெட்டில்டா பார்த்த நாடகம்

அன்பு மகள் கலைச்செல்விக்கு,

அப்பா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, சென்னையில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே விடாத மழை, ரப்பர் மரமெல்லாம் நனைந்து கிடப்பதால் பால் வெட்டு இல்லை, எல்லாரும் லயத்து வீடுகளிலேயே அடைந்து கிடக்கிறோம். அம்மா ஏன் போனை எடுப்பதில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாய். சிக்னல் இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன், அது பொய். வீட்டிலிருந்து பேசினால் அவளுக்குக் கேட்கும், அதனால்தான் கேகாலைக்கு வந்த இடத்தில் தபால் கந்தோர் வாங்குப் பலகையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ எழுதிய நகைச்சுவை நாடகம் டீவியில் வரப்போகிறது என்று சொன்னாயே, அன்று அம்மா லயத்தில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொன்னாள். கடலை அவித்தாள், தேத்தண்ணி ஊற்றினாள், நம் வீட்டில் இருக்கிற ஒரே சாய்வு நாற்காலியைப் பக்கத்து வீட்டு மெட்டில்டாவுக்குப் போட்டாள். உன் பெயர் எழுத்தில் வந்தபோது முதலில் கைதட்டியது மெட்டில்டாதான். நாடகத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி தினமும் கோப்பையோடு வந்து ஒரு சொட்டு எண்ணெய், ஒரு சொட்டு பால் என்று கேட்கிறாள், அவள் தலையைக் கண்டதும் வீட்டுக்காரி போத்தலை ஒளிக்கிறாள், அவளுக்குச் சொட்டு மாமி என்று பெயர். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், மெட்டில்டாவும் சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு அந்த நடிகை கோப்பையை முந்தானைக்குள் மறைத்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பின்கதவால் வந்து, இருக்குங்களா அக்கா என்று இழுத்துக் கேட்டாள். அது மெட்டில்டாவின் குரல், மகள். பெரியவர்களின் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. பிள்ளைகள் மட்டும் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் எழுந்து போகவில்லை. கடைசி வரைக்கும் இருந்து, தேத்தண்ணியைக் குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, புள்ள நல்லா எழுதியிருக்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அதன்பிறகு அவளுக்கு இந்தத் தோட்டத்தில் சொட்டு மாமி என்றுதான் பெயர். ஜவ்பர் கடையில் நிற்கிற பையன்கள் அவள் காதுபடவே சொல்கிறார்களாம், ஜவ்பர் அதட்டியும் அடங்கவில்லை. ஞாயிறு பூசைக்கு முன்வரிசையில் இருப்பவள் இப்போது மாதா கோயிலுக்கே போவதில்லை. அவள் புருஷன் தோமஸ் மரத்தடியில் சறுக்கி விழுந்து இடுப்பு உடைந்து படுத்ததும், ஒருத்தி சம்பளத்தில் அந்த வீடு ஓடுவதும் உனக்குத் தெரியும். அம்மா எலிக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உனக்கும் எனக்கும் யார் சோறு ஆக்கிப் போட்டார்கள் என்றும் தெரியும். அதையெல்லாம் நீ எடுக்கவில்லை. அதில் சிரிப்பு வராது போலிருக்கிறது.

அம்மா மன்னிப்புக் கேட்கப் போனாள், நானும் கூடப் போனேன். மெட்டில்டா எங்களை உள்ளே கூப்பிடவில்லை. சத்தம் போடவுமில்லை. வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“நான் ஒங்ககிட்ட மட்டுந்தானே அக்கா கேட்டேன்.”

அம்மா திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இன்னொரு நாள் எண்ணெய்ப் போத்தலைக் கொண்டு போனாள், வேண்டாம் என்று தோமஸ் படுக்கையிலிருந்தே சொல்லி அனுப்பிவிட்டார். இந்த நேரத்தில்தான் நீ போன் போட்டாய். நாடகம் நன்றாகப் போகிறது, இன்னொன்று கேட்கிறார்கள், மெட்டில்டா அத்தை அப்புறம் என்ன செஞ்சாங்க, சொல்லுங்கம்மா என்று கேட்டாய். அன்று போனை வைத்த அம்மா அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை. மெட்டில்டா எண்ணெய் கேட்டு வந்ததையும், துணிக்கொடி கட்டுகிற இடத்துக்குச் சண்டை போட்டதையும் உன்னிடம் சொல்லித்தான் அம்மா மனப்பாரத்தை இறக்கி வைப்பாள். பெற்ற பிள்ளையிடம் சொன்னால் அது வெளியே போகாது என்று நினைத்தாள். இப்போது என்னிடமும் பேச்சைக் குறைத்துவிட்டாள். சோறு போடுகிறாள், வேலைக்குப் போகிறாள், வருகிறாள். யாரைப் பற்றியாவது நான் வாயைத் திறந்தால், சும்மா இருங்க, ஊரெல்லாம் கேக்கும் என்கிறாள்.

உனக்குப் பேர் வந்தது எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும், இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன். அங்கே நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே, தலைவலி வந்தால் மாத்திரையைப் போட்டுவிட்டு எழுத உட்காராமல் படு. தீபாவளிக்கு வருவதாக இருந்தால் முதலில் மெட்டில்டா வீட்டுக்குப் போ. அவள் உள்ளே கூப்பிடும் வரைக்கும் வாசலில் நில், எவ்வளவு நேரமானாலும் நில், பிறகு நம் வீட்டுக்கு வா. மாரியாத்தா உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும். மறந்துவிடாதே, நான் எழுதியதில் ஒரு வரிகூட அங்கே யார் வாயிலும் வரக்கூடாது. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது என்னோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
முத்துவீரன்