பென் டிரைவுக்குள் ஏழு பேர்

மார்ச் 3, திங்கள்

பெற்றோல் வரிசையில் சனம் படுத்துக் கிடந்த வருடத்துக்குப் பிறகு இது மூன்றாம் வருடம். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல, மருமகள் மேனுகாவின் லப்டொப் எழுதுகிறது. அது அவள் வேலை செய்கிற கந்தோர்ச் சாமான். என் கதை அதற்குள் இருக்கக் கூடாதாம். அதனால் மகன் ராகுலன் லப்டொப்பை ஓட்டுகிற லினக்ஸ் முழுவதையும் தனியாக ஒரு பென் டிரைவில் ஏற்றி என் கழுத்தில் மாட்டினான். கடவுச்சொல்லாக, துறைமுகத்தில் என்னோடு மூட்டை தூக்கிய ஏழு பேரின் பெயர்களைச் சொன்னேன். செத்த வரிசையில் ஆறு. ஏழாமவன் சாகவில்லை.

"ஒருத்தரையும் எழுதி வைக்க விடாதீங்கோ அப்பா" என்றுவிட்டு மட்டக்களப்புக்கு வேலையாகப் போய்விட்டான்.

மார்ச் 4, செவ்வாய்

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் நின்றேன். மேனுகா லப்டொப்போடு ஓட்டோவில் வந்து குதித்தாள். "மாமா, அந்தப் பென்னைக் குத்துங்கோ! அது இல்லாமல் இது திறக்குதில்லை!"

தொடக்கி வைக்கிற சாமானை ராகுலன் பென்னில் போடாமல் லப்டொப்புக்குள் போட்டுவிட்டானாம். இப்போது அது கண் விழிக்கவே என் பென்னையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது. கந்தோர் அறிந்தால் அவளுக்கு வேலை போகும்.

"பீரிஸ். ஏணியில் வழுக்கினவன். கந்தப்பு, மஞ்சள் காமாலை..."

"பேர் மட்டும் மாமா! மீட்டிங் துவங்குது!"

எப்படிச் செத்தான் என்று சொல்லாமல் எனக்கு வரிசை வராதே! மெழுகுதிரி விற்கும் லவினா, ஆத்துமாக்களுக்கு மன்றாடுகிறோம் என்று எண்ணி ஏழு திரி கொளுத்திவிட்டாள். ஏழாவதை நான் ஊதி அணைத்தேன்.

மார்ச் 7

தினமும் காலையில் மேனுகா லப்டொப்போடு என் அறைக்கு வருகிறாள். இன்று இரத்தினசிங்கத்தில் ஓர் எழுத்துப் பிழை. முதலிலிருந்து எல்லோரும் மறுபடி செத்தார்கள்.

எழுதி வைக்கிறேன் என்று கெஞ்சுகிறாள். விடுவேனா?

மார்ச் 12

வரிசையில் தாஸிம் வந்ததும் மேனுகா கேட்டாள்: "தாஸிம் விழேக்க நீங்கள் எங்க நிண்டனீங்கள் மாமா?"

மீட்டிங் துவங்கிவிட்டது. அவள் எழும்பவில்லை. கயிறு என் கையில்தான் இருந்தது என்றேன். இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

மார்ச் 18, செவ்வாய்

ராகுலன் வந்தான். அரை மணித்தியாலத்தில் சரி. லப்டொப் தானாகத் திறக்கிறது. வேலை தப்பியது. நல்லது.

நல்லதுதான்.

மார்ச் 19

காலையில் ஒருவரும் என் அறைக்கு வரவில்லை. பீரிஸ், கந்தப்பு... சுவருக்குச் சொன்னேன்.

மார்ச் 23, ஞாயிறு

மேனுகா செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "கடைசி ஆளுக்கு மட்டும் நீங்கள் கதையே சொல்லேல்லை."

"செத்தால்தானே சொல்லலாம்?"

"அப்ப போய்ப் பாப்பம், எழும்புங்கோ."

அவன் கடைசியாக இருந்த மட்டக்குளிக்குப் பஸ் ஏறினோம். மூன்று பேரிடம் விசாரித்துக் கதவைத் தட்டினோம். என்னிலும் கூனிய ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"டேய், நீ இன்னும் மவுத்தாகல்லியா?" அவனும் என்னைச் செத்தவன் கணக்கில் வைத்திருந்தான்.

மேனுகா பக்கம் திரும்பிச் சொன்னேன்: "இதுதான் பௌஸி."